இரண்டு எண்களை எழுதி வையுங்கள்: மதுரை வட்டாரப் பம்புசெட் விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களே, அண்ணன் தம்பிகளே, தோட்டத்தைத் தனியாளாக நின்று பார்க்கும் அக்கா தங்கைகளே,



உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி, தே. கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர் என்று மதுரையைச் சுற்றிக் கிணற்றிலும் போரிலும் மோட்டார் இறக்கி வெள்ளாமை செய்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். கோடை பிறந்துவிட்டால் பட்டறை வாசலில் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுருச்சு.”

மோட்டார் திடீரென்று எரிவது மிக அரிது. எரிவதற்கு முன்னால் பல நாள் அது தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்ற இரண்டு எண்களில்தான் சொல்கிறது. அவற்றை யாரும் பார்த்து எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால் மீதிக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஒரு காயில் கட்டும் கூலி, மோட்டாரை மேலே ஏற்றி இறக்கும் கூலி, அந்த நாட்களில் காய்ந்து போகும் பயிர் என்று மூன்று நட்டத்தை அந்த ஒரு பக்கக் கணக்கால் தடுக்க முடியும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இலவச மின்சாரம் நமக்குச் சும்மா வந்ததல்ல. 1970-களில் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றது. 1990-இல் கலைஞர் அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. அந்த உரிமையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதன் கூடவே வந்த ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பழைய இலவச இணைப்புகளில் மீட்டரே கிடையாது. பில் வராததால், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கும் வழக்கமும் இல்லாமல் போனது. வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருகிறார்கள்; யூனிட் கூடினால் உடனே பேசுகிறோம். தோட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. வீணாகும் மின்சாரத்துக்குப் பில் வராவிட்டாலும் எரிந்த காயிலுக்குப் பில் வருகிறது. அதைக் கட்டுவது நீங்கள்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். இரண்டே வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும், அது தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும், அது திறன். முதல் வரியைக் கண்டு சொன்னவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி மாட்டி அளந்து பார்த்து, 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அப்போது பெரிதாக மதிக்கவில்லை; 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே 1841-இல் இங்கிலாந்தின் ஜூல் இன்னொன்றை எழுதினார்: கம்பியில் பிறக்கும் சூடு, ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் வரும். உங்கள் மோட்டார் எரிவதற்கும் எரியாமல் இருப்பதற்கும் காரணம் இந்த ஜூல் கணக்குதான். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் 53 ஓம். அதுதான் உள்ளே இருக்கும் கம்பியின் தடை. இரவில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்றால், 180-ஐ 53-ஆல் வகுக்க 3.4 ஆம்பியர். 180-ஐ 3.4-ஆல் பெருக்க 612 வாட். பெட்டி மெதுவாகச் சூடேறும், துணி தேய்க்க நேரமாகும், வேறு கெடுதல் இல்லை. வோல்ட் குறைந்தது, ஆம்பியரும் கூடவே குறைந்தது.

மோட்டாரில் இது தலைகீழாக நடக்கும். இதை விளங்கிக்கொள்ளாமல்தான் பாதி மோட்டார்கள் எரிகின்றன. மோட்டார் தகட்டில் 5 எச்.பி., 415 வோல்ட் என்று இருக்கிறது. நல்ல வோல்டேஜில் அது 9 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட் 340-க்கு இறங்கினாலும் இருநூறு அடி ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் அதே இருநூறு அடிதான். அதை மேலே தள்ள வேண்டிய வேலையும் கிட்டத்தட்ட அதேதான். வோல்ட்டில் குறைந்ததை மோட்டார் ஆம்பியரில் இழுத்துச் சரிக்கட்டுகிறது. 9-ஐ 415-ஆல் பெருக்கி 340-ஆல் வகுத்தால் சுமார் 11 ஆம்பியர். கூடியது இரண்டே ஆம்பியர் என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஜூல் கணக்கைப் போடுங்கள்: 11 பெருக்கல் 11 என்றால் 121, 9 பெருக்கல் 9 என்றால் 81. சூடு ஒன்றரை மடங்கு. காயிலின் இன்சுலேஷன் தாங்க வேண்டிய அளவைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மோட்டார் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு. பத்து வருடம் ஓட வேண்டிய காயில் இரண்டு கோடையில் போவது இப்படித்தான்.

மூன்று பேஸ் மோட்டாரின் மொத்தத் திறனுக்கு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதை 1.73-ஆலும் பவர் பேக்டராலும் பெருக்க வேண்டும். பவர் பேக்டர் 0.8 என்று வைத்தால், 415 பெருக்கல் 9 பெருக்கல் 1.73 பெருக்கல் 0.8, சுமார் 5,170 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட்டுக்கு மேல். ஒரு எச்.பி. என்பது 746 வாட், 5 எச்.பி.க்கு 3,730 வாட்தான் சாப்ட்டில் வேலையாக வெளியே வருகிறது. மீதி 1,400 வாட்டுக்கு மேல் மோட்டாருக்குள்ளேயே சூடாகவும் உராய்வாகவும் போகிறது. நீர்மூழ்கி மோட்டாரில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர். தண்ணீர் வற்றிய போரில் மோட்டாரை விடக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கேபிள். ஷெட்டில் ஸ்டார்ட்டர் இருக்கும். போர் தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும். நடுவில் 300 மீட்டர் ஒயர். மோட்டாருக்கு ஐம்பதாயிரம் செலவழிக்கத் தயங்காதவர்கள்கூட ஒயரில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். 2.5 எம்.எம். செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம் தடை உண்டு. 300 மீட்டருக்கு 2.4 ஓம். 9 ஆம்பியர் ஓடும்போது ஷெட்டுக்கும் போருக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் விழும்? 1.73 பெருக்கல் 9 பெருக்கல் 2.4 பெருக்கல் 0.8, ஏறக்குறைய 30 வோல்ட். ஷெட்டில் 390 காட்டினால் போர்த் தலையில் 360-தான். சூடாக வீணாவது எவ்வளவு? 9 பெருக்கல் 9 பெருக்கல் 2.4, அதை மூன்று பேஸுக்கு மூன்றால் பெருக்கினால் 583 வாட். மோட்டார் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் அரை யூனிட்டுக்கு மேல் மண்ணைச் சூடாக்குகிறது. அதே இடத்தில் 6 எம்.எம். ஒயர் இழுத்திருந்தால் தடை 1 ஓம், விழுவது 12 வோல்ட் சொச்சம், வீணாவது 243 வாட். அலுமினிய ஒயர் என்றால் அதே கனத்தில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. அதற்கு ஏற்ற கனம் வாங்க வேண்டும். கடைக்காரர் “இது போதும்ணே” என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை மீட்டர், எத்தனை ஆம்பியர் என்று எழுதிக்கொண்டு போய்க் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

ஒயரைவிடப் பொல்லாதது ஜாயிண்ட். வரப்பில் எலி கடித்த இடத்திலோ, டிராக்டர் ஏறி அறுந்த இடத்திலோ முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கினால் ஈரத்தில் அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். அந்த முறுக்கில் அரை ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். 9 பெருக்கல் 9 பெருக்கல் 0.5, சுமார் 40 வாட். கேட்பதற்கு ஒரு பல்பு அளவுதான். ஆனால் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் அவ்வளவு வாட்தான். அது ஈயத்தையே உருக்குகிறது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு சால்டரிங் அயர்னை டேப் சுற்றி வரப்பில் புதைத்து வைத்தது போலத்தான் அந்த ஜாயிண்ட். ஒரு நாள் அந்தப் பேஸ் அறுந்துவிடும். மீதி இரண்டு பேஸில் மோட்டார் உறுமும். அடுத்தது என் பட்டறை.

எரிந்த மோட்டாரைத் திறந்தால் காயிலே காரணத்தைச் சொல்லிவிடும். மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் லோ வோல்டேஜ், அல்லது மணல் அடைத்து அளவுக்கு மேல் லோடு. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கறுத்து, ஒன்று மட்டும் புதுசு போல மினுமினுத்தால், ஒரு பேஸ் அறுந்தே ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் புள்ளியாக உருகியிருந்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிவிட்டது. உள்ளூர் எலக்ட்ரீசியனிடமும் பட்டறையிலும் “எதனால் எரிந்தது, காட்டுங்கள்” என்று கேட்டு, நேரில் நின்று பாருங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் காயிலை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அதுவும் எரியும்.

மோட்டாரை மேலே எடுக்காமலேயே காயிலைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியர்களை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று முனைகளையும் ஸ்டார்ட்டரிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு 12 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, முதல் முனைக்கும் இரண்டாம் முனைக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரோடு மாட்டுங்கள். மீட்டரில் 2.4 ஆம்பியர், முனைகளில் 12 வோல்ட் என்றால், 12-ஐ 2.4-ஆல் வகுக்க 5 ஓம். இதில் போருக்குள் இறங்கும் ஒயரின் தடையும் கலந்திருக்கிறது. போவதும் வருவதும் சேர்த்து ஒயர் 1 ஓம் என்றால், காயில் 4 ஓம். இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் அதே 4 வரவேண்டும். மூன்றுக்கும் ஒன்றுக்கும் அதே 4 வரவேண்டும். வந்தால் காயில் சமமாக இருக்கிறது.

ஒன்று–இரண்டில் 3.2, மூன்று–ஒன்றில் 3.2, இரண்டு–மூன்றில் மட்டும் 4 என்று வந்தால்? குறைந்த இரண்டு அளவிலும் பொதுவாக வருவது ஒன்றாம் முனை. அந்தப் பேஸ் காயிலில் சில சுற்றுகள் ஒட்டிவிட்டன. மோட்டார் இன்னும் ஓடும், தண்ணீரும் வரும், ஆனால் நாள் எண்ணப்படுகிறது. அறுவடைக்கு முன்னால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனையை மோட்டார் ஆறிய பிறகு செய்யுங்கள். செம்பு 25 டிகிரி சூடேறினால் தடை பத்து சதவீதம் கூடிவிடும். போன மாதத்து அளவோடு ஒப்பிட முடியாது.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஓடும்போது ஒரு பேஸுக்கு 240 வோல்ட், 9 ஆம்பியர். வகுத்தால் 26 சொச்சம் வருகிறதே, காயில் ஒரு பேஸுக்கு 2 ஓம்தானே என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். ஓடுகிற மோட்டாரில் சுழலும் காந்தப்புலம் காயிலுக்குள் ஓர் எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கி, கரண்டைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் ஓடும் மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதைக் காயிலின் தடை என்று கொள்ளக்கூடாது. நின்ற மோட்டாரில் பேட்டரி வைத்து அளப்பதே தடை. மோட்டாரின் சுழற்சி நின்றுபோனால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் போய்விடும். மணல் அடைத்து மோட்டார் இறுகிக்கொண்டால் 9 ஆம்பியர் ஐம்பதைத் தாண்டும். ஆறு மடங்கு ஆம்பியர், முப்பத்தாறு மடங்கு சூடு. ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் சில நிமிடத்தில் காயில் கதை முடிந்துவிடும். அதனால்தான் ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் திருகைக் கூட்டி வைப்பதும், பியூஸ் கட்டையில் கனத்த கம்பியைப் போடுவதும், ஸ்டார்ட்டர் நிற்கவில்லை என்று குச்சி வைத்து அழுத்துவதும் மோட்டாருக்கு நீங்களே வைக்கும் கொள்ளி. ரிலே விழுந்தால் அதன் மேல் கோபப்படாதீர்கள். எத்தனை ஆம்பியரில் விழுந்தது என்று பாருங்கள்.

ஆம்பியரை அளக்க ஒயரை அறுக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். எலக்ட்ரீசியன்கள் கையில் வைத்திருக்கும் டாங் டெஸ்டரின் வாயைத் திறந்து ஒரு ஒயரை மட்டும் உள்ளே விட்டால் எண் வந்துவிடும். மூன்று பேஸையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எண்ணைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்தால், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, அல்லது பம்பின் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் கூடினால், மணல், பேரிங், அல்லது காயில். வோல்ட் குறைந்து ஆம்பியர் கூடினால் குறை மோட்டாரில் இல்லை, லைனில். மூன்று பேஸ் வோல்ட்டும் சமமாக இல்லாவிட்டால் அதுவும் ஆபத்து. 410, 400, 375 என்று வருகிறது என்றால் சராசரி 395, அதிலிருந்து அதிகம் விலகியது 20, ஐந்து சதவீதம். ஐந்தை ஐந்தால் பெருக்கி இரண்டால் பெருக்குங்கள்: சுமார் 50 சதவீதம் சூடு கூடும் என்பது மோட்டார்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு பேஸில் வெறும் இருபது வோல்ட் குறைவதற்கு இவ்வளவு விலை.

இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மூன்று பேஸும் வராத நேரத்தில் கண்டென்சர் என்கிற கெப்பாசிட்டரைப் போட்டு மோட்டாரை ஓட்டுகிறீர்கள். பயிர் வாடுகிற வேதனை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே லோடுக்கு மூன்று ஒயரில் வர வேண்டியது இரண்டில் வரும்போது ஆம்பியர் 1.73 மடங்கு வரை ஏறுகிறது. 9 என்பது 15-ஐத் தாண்டுகிறது. சூடு மூன்று மடங்கு. உங்கள் காயில் மட்டுமல்ல, அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் சமம் கெட்ட வோல்ட்டேஜில் வேகிறது. டிரான்ஸ்பார்மர் போய்விட்டால் ஊரே காத்துக் கிடக்க வேண்டும்.

கெப்பாசிட்டரை இதற்குப் பயன்படுத்தாமல் அதன் சரியான வேலைக்குப் பயன்படுத்துங்கள். மூன்று பேஸிலும் முறையாகப் பொருத்தினால் பவர் பேக்டர் 0.8-இலிருந்து 0.95-க்கு ஏறும். லைனில் வரும் ஆம்பியர் 9-இலிருந்து 7.6-க்கு இறங்கும். லைனில் வீணாகும் சூடு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் இருபது பேரும் மாட்டினால் கடைசித் தோட்டத்துக்காரருக்கும் வோல்ட் ஏறும். பொருத்தியது வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது: ஷெட்டுக்கு முன்னால் லைனில் ஆம்பியரை அளந்து, கெப்பாசிட்டரோடும் இல்லாமலும் ஒப்பிடுங்கள். எண் இறங்காவிட்டால் கெப்பாசிட்டர் செத்துவிட்டது.

லைனில் இழப்பு எங்கே நடக்கிறது என்றும் பார்ப்போம். நீலகிரிப் பைகாராவில் 1932-இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் வந்த நினைவாகத் திருப்பரங்குன்றம் சாலையில் பைகாரா என்றே ஓர் இடம் மதுரையில் இன்றும் இருக்கிறது. அவ்வளவு தூரத்து மலையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவர முடிந்ததே வோல்ட்டை உயர்த்தி ஆம்பியரைக் குறைத்ததால்தான். ஆம்பியர் குறைந்தால் வழியில் சூடாவதும் குறையும். உயர் அழுத்தத்தில் வருகிறவரை மின்சாரம் பத்திரமாக வருகிறது. டிரான்ஸ்பார்மரைத் தாண்டி 415 வோல்ட்டாக இறங்கி, தோட்டந்தோட்டமாக நீளும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் இழப்பெல்லாம். 2021 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகளும் அதற்குப் பின் வந்தவையும் நம் ஊர் லைன்களில்தான் ஏறியிருக்கின்றன. லோடு கூடிய இடத்தில் டிரான்ஸ்பார்மரும் கம்பியும் கூட வேண்டும். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்கும்போது எண்ணோடு கேளுங்கள். “லோ வோல்டேஜா இருக்கு சார்” என்று சொன்னால் “எல்லா ஊர்லயும் அப்படித்தான்” என்று பதில் வரும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே தாழ்வழுத்த மின்சாரத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்றன. 415-இல் ஆறு சதவீதம் போனால் 390. மோட்டார் போடுவதற்கு முன்னால் எத்தனை, போட்ட பின் எத்தனை என்று இரண்டையும் எழுதுங்கள். போடுவதற்கு முன்னாலேயே 360 என்றால் டிரான்ஸ்பார்மரிலோ மெயின் லைனிலோ லோடு கூடிவிட்டது. முன்னால் 410, நீங்கள் போட்ட உடனே 365 என்றால் உங்கள் தோட்டத்துக்கு வரும் லைனில் தடை ஏறியிருக்கிறது. 45 வோல்ட்டை 12.5-ஆல் (1.73 பெருக்கல் 9 பெருக்கல் 0.8) வகுத்தால் 3.6 ஓம். கம்பத்தில் எங்கோ ஜாயிண்ட் கெட்டுவிட்டது. தேதி, நேரம், மூன்று பேஸ் வோல்ட், ஆம்பியர் எல்லாம் போட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் நான்கு பேர் கையெழுத்தோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணையும் மனுவில் குறித்து வையுங்கள். எண்ணோடு வருகிற மனுவை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

உயிர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இதுவும் அதே வகுத்தல் கணக்குதான். நனைந்த உடம்பின் தடையைச் சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230-ஐ ஆயிரத்தால் வகுக்க 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் பாதிகூட வேண்டாம். வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிட வேண்டும் என்று வைத்திருப்பது அதனால்தான். தண்ணீர் பாய்ந்த வயலில் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓடும் மோட்டாரில் வோல்ட் அளப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடமே விடுங்கள். எண்ணை எழுதுவதும் கணக்குப் போடுவதும் உங்கள் வேலை. எர்த்து கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று மழைக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள். பன்றிக்காக வேலியில் கரண்டு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தக் கணக்கில் பன்றிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் கிடையாது. அது கொலை. யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். ஷெட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விடுங்கள். புது மோட்டார் இறக்கிய அன்றே, எலக்ட்ரீசியன் கிளம்புவதற்கு முன்னால், தகட்டில் உள்ள எச்.பி., வோல்ட், ஆம்பியர், கேபிளின் கனம், நீளம், காயிலின் மூன்று ஓம் அளவு எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் வாரத்துக்கு ஒரு முறை, ஷெட்டில் வோல்ட், போர்த் தலையில் வோல்ட், மூன்று பேஸிலும் ஆம்பியர் என்று எழுதுங்கள். ஊருக்கு ஒரு டாங் டெஸ்டரைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் போதும். கணக்கைப் போட வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளையோ மகனையோ கூப்பிடுங்கள். அறிவியல் புத்தகத்தில் ஓம் விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற பிள்ளை, அதே விதியால் தன் வீட்டு மோட்டாரைக் காப்பாற்றட்டும். அந்தப் பாடம் பிறகு மறக்காது.

காயில் எரிந்தால் எனக்கு வேலை, உங்களுக்கு நட்டம். என் பட்டறை வாசலில் வரிசை குறைந்தாலும் பரவாயில்லை, உங்கள் தோட்டத்தில் தண்ணீர் ஓட வேண்டும். இந்த வாரமே இரண்டு எண்களை அளந்து எழுதுங்கள். அடுத்த கோடை வருவதற்குள் அந்த நோட்டில் ஒரு பக்கமாவது நிரம்பியிருக்கட்டும்.

இப்படிக்கு,
மதுரையில் காயில் கட்டும் ஒருவன்